வாசகர் கேள்வி–பதில்: மேர்ட்டில்ஸ் மாளிகையும் எங்கள் பாழ்வளவுகளும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பகுதி பேய் வீடுகளைப் பற்றியது. விடுமுறைக்கு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் போனில் காட்டிய ஒரு அமெரிக்க மாளிகையின் கதை, சுன்னாகத்திலிருந்து பருத்தித்துறை வரைக்கும் சுற்றியிருக்கிறது போலத் தெரிகிறது. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துவிட்டு இம்முறை இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஐயா, ரொறன்ரோவில் இருந்து வந்த அண்ணன் மகன் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவின் தெற்கில் மேர்ட்டில்ஸ் என்று ஒரு மாளிகை. அங்கே க்ளோயி என்ற அடிமைப் பெண், எசமானின் மனைவிக்கும் இரண்டு பெண் பிள்ளைகளுக்கும் பிறந்தநாள் கேக்கில் அலரி இலைச் சாறு கலந்து கொடுத்துக் கொன்றாளாம். அவளைத் தூக்கில் போட்டு ஆற்றில் எறிந்தார்களாம். இன்றைக்கும் பச்சைத் தலைப்பாகையோடு அந்த வீட்டில் உலாவுகிறாளாம். உண்மையா? வீடியோவைப் பார்த்ததிலிருந்து அம்மா எங்கள் முற்றத்து அலரியை வெட்டச் சொல்லி நிற்கிறா.
– வாசகி, சுன்னாகம்

பதில்: தங்கச்சி, அலரியை வெட்ட வேண்டாம். அது நஞ்சு என்பது உண்மை, சின்னப் பிள்ளைகளும் ஆடுமாடும் வாய் வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். சாமிக்குப் பூ வேண்டும் என்று எங்கள் சனம் தலைமுறை தலைமுறையாக வளர்த்த மரம் அது.

இனி மாளிகைக்கு வருவோம். வீடு உண்மையாகவே இருக்கிறது. லூசியானா மாநிலத்தில், மிசிசிப்பி ஆற்றங்கரைப் பக்கமாக, செயின்ட் பிரான்சிஸ்வில் என்ற சிற்றூரில். கட்டியவர் டேவிட் பிராட்ஃபோர்ட் என்ற சட்டத்தரணி. 1794இல் பென்சில்வேனியாவில் விஸ்கிக்குப் போட்ட வரியை எதிர்த்து விவசாயிகள் கிளம்பியபோது தலைமை தாங்கியவர்களில் இவரும் ஒருவர். ஜனாதிபதி வாஷிங்டன் படை அனுப்ப, மனுசன் ஆற்று வழியாகத் தெற்கே ஓடி, அப்போது ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்த அந்தப் பகுதியில் 650 ஏக்கர் நிலம் பெற்று, 1796இல் வீட்டைக் கட்டினார். 1799இல் அடுத்த ஜனாதிபதி ஜோன் அடம்ஸ் மன்னிப்பு வழங்கினார். 1808இல் பிராட்ஃபோர்ட் இறந்தார்.

கிளார்க் வுட்ரஃப் என்பவர் 1817இல் பிராட்ஃபோர்டின் மகள் சாரா மட்டில்டாவை மணந்தார். வீடியோவில் வரும் எசமான் இவர்தான். இனித்தான் கதையும் பதிவேடும் பிரிகின்றன. சாரா இறந்தது 1823 யூலையில், மஞ்சள் காய்ச்சலால். பிள்ளைகள் இருவர் இறந்தது அதற்கு அடுத்த வருடம், 1824இல், யூலையிலும் செப்ரெம்பரிலும், அதுவும் அதே காய்ச்சலால். இறந்தவர்கள் இரண்டு பெண் பிள்ளைகளும் இல்லை, ஜேம்ஸ் என்ற பையனும் கோர்னீலியா என்ற பெண்ணும். ஒக்டேவியா என்ற மகள் தப்பி வளர்ந்து பெரியவளானாள். ஒரே நாள், ஒரே கேக், மூன்று சாவு என்பதற்கு அங்கே இடமே இல்லை. வுட்ரஃப் குடும்பத்துப் பதிவுகளைத் துருவிப் பார்த்தவர்கள் க்ளோயி என்ற பெயரில் ஒரு பெண்ணைக் காணவும் இல்லை.

மஞ்சள் காய்ச்சல் எதனால் வந்தது என்று அந்தக் குடும்பத்துக்குத் தெரியாது, அந்தக் காலத்தில் உலகத்தில் யாருக்குமே தெரியாது. கெட்ட காற்று, சதுப்பு நிலத்து நாற்றம் என்று நினைத்தார்கள். கியூபாவைச் சேர்ந்த கார்லோஸ் ஃபின்லே என்ற வைத்தியர் 1881இல் நுளம்பைக் காட்டினார், 1900இல்தான் அது நிரூபணமாயிற்று. அந்த நுளம்பு வேறு எதுவும் இல்லை, எங்கள் ஊரில் மாரி மழைக்குப் பின் சிரட்டையிலும் பழைய ரயரிலும் பெருகி டெங்கு பரப்புகிற அதே ஏடிஸ் இனம்தான். அம்மாவிடம் சொல்லுங்கள், மேர்ட்டில்ஸில் அந்தத் தாயையும் பிள்ளைகளையும் கொன்றது முற்றத்தில் கிடந்த தண்ணீர், முற்றத்தில் நின்ற மரம் இல்லை.

1834இல் வீட்டை வாங்கிய ரஃபின் ஸ்டேர்லிங் என்ற பணக்காரப் பெருந்தோட்டச் சொந்தக்காரர்தான் அதைப் பெருப்பித்து, முகப்பு விறாந்தைக்குப் பூவேலை செய்த இரும்புக் கம்பிகள் வைத்து, மேர்ட்டில்ஸ் என்று பெயரும் மாற்றினார். நீங்கள் வீடியோவில் பார்த்த அழகெல்லாம் பெரும்பாலும் அவருடைய காலத்தது.

கேள்வி: அந்த வீட்டில் பத்துக் கொலை நடந்தது என்கிறார்கள். ஒன்றுமே நடக்கவில்லையா?
– வாசகர், சங்கானை

பதில்: ஒரு கொலை நடந்தது. ஸ்டேர்லிங்கின் மகளை மணந்த வில்லியம் வின்ரர் என்பவரை, 1871 ஜனவரி 26 அன்று, வெளியே கூப்பிட்டு யாரோ சுட்டார்கள். கதையில் அவர் குண்டுக் காயத்தோடு உள்ளே தள்ளாடி வந்து, படிக்கட்டில் ஏறி, 17ஆவது படியில் மனைவியின் மடியில் உயிரை விடுகிறார், இரவில் அந்தக் காலடிச் சத்தம் இன்றும் கேட்கிறது. அந்தக் காலத்துச் செய்தியின்படி சுட்ட இடத்திலேயே விழுந்து இறந்தார், படி ஏறவில்லை. மற்ற ஒன்பதுக்கும் ஆதாரம் கிடையாது. செவ்விந்தியரின் இடுகாட்டின் மேல் கட்டிய வீடு என்பதும் அப்படித்தான். அமெரிக்காவில் எந்தப் பேய் வீட்டுக்கும் அந்த இடுகாட்டைச் சேர்த்துச் சொல்வது வழக்கமாகிவிட்டது.

கேள்வி: பதிவேட்டில் இல்லாத க்ளோயியை யார் உண்டாக்கினார்கள்? ஏன் சனம் அதை நம்புகிறது? நான் வரலாறு படிப்பிக்கிறேன், மாணவர்களுக்கு இதை எப்படிச் சொல்வது?
– ஆசிரியை, வட்டுக்கோட்டை

பதில்: ரீச்சர், உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது.

ஒரு ஆளைக் கைகாட்ட முடியாது. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அந்த வீட்டில் பச்சைத் துணி தலையில் கட்டிய ஒரு கிழவி தெரிகிறாள் என்ற பேச்சு இருந்தது. பிறகு வீடு கைமாறிக் கைமாறி, தங்குமிடமாக மாறியபோது கிழவி இளம் பெண்ணானாள், அவளுக்குப் பெயர் வந்தது, எசமானின் அறைக்கு அழைக்கப்பட்டவள் என்ற கதை வந்தது, ஒட்டுக் கேட்டதற்காகக் காது அறுக்கப்பட்டவள் ஆனாள், அந்தக் காதை மறைக்கத்தான் தலைப்பாகை என்றும் ஆயிற்று. 1992இல் காப்புறுதிக்காக எடுத்த ஒரு படத்தில் இரண்டு கட்டடங்களுக்கு நடுவே ஒரு நிழல் விழ, அதை க்ளோயி என்று தபாலட்டையாக அச்சடித்தார்கள். ‘அமெரிக்காவின் மிகப் பெரிய பேய் வீடு’ என்ற பெயர் நல்ல வருமானம் தருகிறது.

எனக்கு இதில் கோபம் வருகிற இடம் ஒன்று உண்டு. அந்த மாளிகையின் சுவரையும் தோட்டத்தையும் உருவாக்கிய அடிமை மக்களில் ஒருவரைப் பற்றிக்கூடச் சொல்லாத கதை, இல்லாத ஒருத்தியை உண்டாக்கி அவளைக் கொலைகாரியாக்குகிறது. வெள்ளைக்காரத் தாயும் பிள்ளைகளும் பாவப்பட்டவர்கள், கறுப்புப் பெண் நஞ்சு வைத்தவள். அவளுக்கு எசமான் செய்ததெல்லாம் கதைக்கு உறைப்பு மட்டும். அப்படி நடத்தப்பட்ட பெண்கள் அந்த நாட்டில் உண்மையாகவே ஆயிரக்கணக்கில் இருந்தார்கள், அவர்களுக்கு நடந்ததை இரவு உல்லாசச் சுற்றுலாவுக்கான திகில் கதையாக்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாணவர்களுக்கு ஒரு விசயத்தைக் கட்டாயம் சொல்லுங்கள். அமெரிக்கா 1850இலும் 1860இலும் குடிசனக் கணக்கு எடுத்தபோது அடிமைகளுக்கென்று தனி ஏடு வைத்தது. அதில் எசமானின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே ‘பெண், வயது 17’, ‘ஆண், வயது 40’ என்று வரிசையாக இருக்கும், பெயர் இருக்காது. 1860இல் அப்படி எண்ணப்பட்டவர்கள் ஏறத்தாழ 40 இலட்சம் பேர், லூசியானாவில் மட்டும் 3 இலட்சத்து 30 ஆயிரத்துக்கு மேல். பெயர் தேடுகிறவர்கள் எசமானின் மரண சாதனத்தையும் சொத்துப் பட்டியலையும்தான் பார்க்க வேண்டும், அங்கே மாட்டுக்கும் வண்டிலுக்கும் பக்கத்தில் ஒரு பெயரும் ஒரு விலையும் கிடக்கும். இதையெல்லாம் தாண்டி அவர்களுடைய சொந்தக் குரலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கிறது. 1936 முதல் 1938 வரை அரசாங்கம் எழுத்தாளர்களை அனுப்பி, அடிமையாகப் பிறந்து அப்போதும் உயிரோடு இருந்த 2,300க்கும் மேற்பட்ட முதியவர்களின் வாய்மொழியை எழுதி வைத்தது. அவர்களில் பலர் பேய்க்கதையும் சொல்லியிருக்கிறார்கள், அவர்கள் சொன்ன கதைகளை அந்தப் பதிவுகளில் படிக்கலாம்.

இன்னொன்று. உங்கள் ஊர்க்காரப் பிள்ளைகளுக்கு 1823 என்றால் உடனே பிடிபடும், சாரா மட்டில்டா காய்ச்சலில் இறந்த அதே வருடம்தான் அமெரிக்க மிசனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கினார்கள். அந்த மிசனின் தலைமையகம் இருந்தது வடக்கே, பொஸ்ரனில். ஒரே நாடு, ஒரே வருடம், இரண்டையும் கரும்பலகையில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டினால் பிள்ளைகள் கேள்வி கேட்பார்கள்.

கேள்வி: உண்மைச் சம்பவத்தில் பிறந்த பேய் வீடு ஒன்றுமே அங்கே இல்லையா?
– வாசகர், கோப்பாய்

பதில்: இருக்கிறது. நியூ ஓர்லியன்ஸ் நகரில் ரோயல் வீதியில் லாலோரி மாளிகை. 1834 ஏப்ரல் 10ஆம் திகதி அந்த வீட்டில் தீப்பிடித்தது. அணைக்கப் போனவர்கள் பூட்டிய அறை ஒன்றுக்குள் ஏழு அடிமைகளைக் கண்டார்கள், சங்கிலியில், பட்டினியில், உடம்பெல்லாம் புண்ணோடு. வீட்டுக்காரி டெல்ஃபின் லாலோரி ஊரில் பெரிய மதிப்புள்ள சீமாட்டி. அடிமை முறையைப் பிழை என்று நினைக்காத அந்த ஊரே அன்றைக்குக் கொதித்துப் போய் வீட்டை உடைத்துத் தள்ளியது, அவள் பிரான்சுக்கு ஓடிவிட்டாள்.

பிறகு வந்தவர்கள் நடக்காத கொடுமைகளையும் ஒவ்வொன்றாகச் சேர்த்தார்கள். பத்திரிகையில் அன்றைக்கு வந்ததே போதும் ஐயா, அதற்கு மேல் ஒன்றும் சேர்க்கத் தேவையில்லை. இப்போது அங்கே நிற்கும் கட்டடம் பிறகு திருப்பிக் கட்டப்பட்டது. தனியார் வீடு, உள்ளே விடமாட்டார்கள், வீதியில் நின்றுதான் கதை சொல்லுவார்கள்.

கேள்வி: அங்கத்தைய சனம் பேயை விரட்ட என்ன செய்கிறார்கள்?
– மாணவன், தெல்லிப்பழை

பதில்: தென் கரோலைனா, ஜோர்ஜியா கடற்கரைப் பக்கம் வாழும் ஆபிரிக்க வழி மக்கள் விறாந்தை முகட்டுக்கும் சன்னல் நிலைகளுக்கும் வெளிர்நீலம் பூசுவார்கள், பேய் அதைத் தண்ணீர் என்றோ வானம் என்றோ நினைத்துத் தாண்டாதாம். மரக்கொப்புகளில் நீலப் போத்தல்களைக் கவிழ்த்துக் கொழுவுவதும் உண்டு. இங்கே புதுவீடு எழும்பும்போது வெருளி கட்டுகிறோமே, அது போலத்தான்.

கேள்வி: மந்திரிமனைக்குள் இரவில் சத்தம் கேட்கும், அதிலிருந்து யமுனா ஏரிக்குச் சுரங்கம் போகிறது, உள்ளே போனவர் திரும்பவில்லை என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம். அமெரிக்காக்காரர் தங்கள் பேய் வீட்டை இவ்வளவு பேணும்போது எங்களுடையது ஏன் இப்படிக் கிடக்கிறது?
– வாசகர், நல்லூர்

பதில்: உங்கள் ஆதங்கம் எனக்கும் உண்டு. பருத்தித்துறை வீதியால் போகும்போதெல்லாம் அந்த முகப்பை நின்று பார்ப்பேன். வளைவுகளும் தூண்களும் ஐரோப்பியப் பாணி, மரவேலை எங்கள் தச்சருடையது. மந்திரி இருந்த மனை என்று பெயர் நின்றாலும் இப்போது உள்ள கட்டடம் அரசர் காலத்தது இல்லை, பிற்காலத்தில் எழுந்தது என்றுதான் வரலாறு படித்தவர்கள் சொல்கிறார்கள். யாழ்ப்பாண அரசு 1619இல் போர்த்துக்கேயரிடம் விழுந்தது, கடைசி அரசன் சங்கிலியைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள், நல்லூரில் இருந்த அரச கட்டடங்கள் அழிந்தன. ப வடிவத்தில் வெட்டிய யமுனா ஏரியும் இடத்தின் பெயர்களும்தான் பெரும்பாலும் மிச்சம். அரண்மனை இல்லாமல் போன ஊரில் சனம் சுரங்கத்தைப் பற்றிக் கதைக்காமல் வேறு என்ன செய்யும்? அந்தச் சுரங்கத்தை நான் நம்பவில்லை. ஆனால் அந்தக் கதை நானூறு வருடத்துக்கு முந்திய தோல்வியை ஊர் மறக்கவில்லை என்பதைக் காட்டுகிறது, அதனால் எனக்கு அதில் மரியாதை உண்டு. கட்டடம் தொல்லியல் சின்னம் என்று பலகை வைத்தால் மட்டும் போதாது, மழை இறங்காமல் கூரை வேண்டும், சுவரில் வேர்விடும் ஆல அரசங்கன்றுகளை ஒவ்வொரு மாரியும் பிடுங்க ஆள் வேண்டும்.

வட்டுக்கோட்டை ரீச்சருக்குச் சொன்னதை இங்கேயும் சொல்லாமல் விட்டால் நான் நேர்மையாக எழுதியதாக ஆகாது. அமெரிக்கத் தெற்கின் மாளிகைகளைப் பார்த்து அடிமை என்ற சொல்லை ஏதோ தூர தேசத்துச் சங்கதி போலக் கதைக்கிறோம். எங்கள் வழமைச் சட்டமான தேசவழமையை 1707இல் ஒல்லாந்த அதிகாரி கிளாஸ் ஐசாக்ஸ் எழுத்தில் தொகுத்தபோது அதில் அடிமைகளைப் பற்றி ஒரு தனிப் பகுதியே இருந்தது, யாருக்கு யார் சொந்தம், அவர்களுடைய பிள்ளை யாருக்குச் சேரும், சொத்து யாருக்குப் போகும் என்று. 1690களில் தஞ்சாவூர்ப் பக்கம் பஞ்சம் வந்தபோது சில ஆயிரம் பேரை அக்கரையிலிருந்து வாங்கி யாழ்ப்பாணத் துறைகளில் இறக்கினார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டத்தால் முற்றாக ஒழிந்தது 1844இல், அமெரிக்காவில் 1865இல், இடையில் 21 வருடம்தான். அதற்குப் பிறகும் ‘அடிமை குடிமை’ என்று சொல்லி வேலை வாங்கிய பழக்கம் இங்கே எவ்வளவு காலம் நீண்டது என்று முதியவர்களைக் கேட்டால் தெரியும். நாற்சார் வீட்டுக்குச் சுண்ணாம்பு அரைத்தவரும், பனை தறித்துத் தீராந்தியும் சிலாகையும் சீவியவரும், கிணறு வெட்டியவரும் அந்த வீட்டு முன்விறாந்தையில் குந்த முடியாமல் இருந்தவர்கள். எங்கள் ஊர்ப் பழைய வீடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் கதவு நிலையின் சித்திர வேலையை வர்ணித்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். செய்த கையையும் தேடி எழுத வேண்டும் என்பது என் கருத்து.

எங்கள் பேய்களையும் ஒருமுறை அப்படிப் பாருங்கள். கொத்திப் பேய் என்று பிள்ளைப்பேற்று வீட்டில் பயப்படுவார்களே, அது பிள்ளை பெறும்போது இறந்துபோன பெண். அந்தக் காலத்தில் அப்படி இறந்தவர்கள் எத்தனை பேர்! இணுவிலில் பெண்களுக்கென்று மிசன் ஆஸ்பத்திரி வந்தது 1898இல். அதற்கு முந்திய தலைமுறைகளில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் ஒரு கொத்தி இருந்ததில் வியப்பில்லை. அவளும் ஒரு வீட்டின் மகள், அவளையும் நாங்கள் பேயாக்கி, அடுத்த பிள்ளையைக் கொல்ல வருகிறாள் என்று விரட்டினோம். க்ளோயிக்கு நடந்ததும் இதுதான்.

கேள்வி: உங்களுக்குப் பேய் நம்பிக்கை உண்டா இல்லையா? மழுப்பாமல் சொல்லவும்.
– வாசகர், மானிப்பாய்

பதில்: இல்லை. சாமத்தில் பனங்கூடலுக்குள்ளால் தனியாக வரச் சொன்னால் பயப்படுவேன், அது வேறு.

கேள்வி: மகள் ஹூஸ்ரனில் இருக்கிறா. அடுத்த வருடம் போகும்போது மேர்ட்டில்ஸைப் பார்க்கலாமா?
– ஓய்வுபெற்ற தபாலதிபர், பருத்தித்துறை

பதில்: தாராளமாகப் பாருங்கள் ஐயா. தங்கும் அறைகள் உண்டு, பகலில் வீட்டைச் சுற்றிக் காட்டுவார்கள். வரவேற்பறையில் பெரிய நிலைக்கண்ணாடி ஒன்று இருக்கும், சாவு வீட்டில் அதை மூட மறந்ததால் சாராவும் பிள்ளைகளும் அதற்குள் அகப்பட்டார்கள் என்று கைரேகை போன்ற திட்டுகளைக் காட்டுவார்கள். பழைய கண்ணாடிகளின் பின்பூச்சு ஈரம் பட்டால் அப்படித்தான் கறுத்துத் திட்டுத் திட்டாக வரும். வீட்டின் அழகுக்கு நான் ஒன்றும் குறை சொல்லமாட்டேன், விறாந்தையில் இருந்து அந்தப் பழைய ஓக் மரங்களைப் பார்க்க மனம் நிறையும்.

ஆனால் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் இருக்கிறது என்றால் விட்னிக்குப் போங்கள். நியூ ஓர்லியன்ஸிலிருந்து காரில் ஏறத்தாழ ஒரு மணித்தியாலம். 2014 டிசம்பரில் திறந்த அருங்காட்சியகம் அது, பெருந்தோட்டத்தை எசமானின் கண்ணால் காட்டாமல் அங்கே அடிமையாக இருந்தவர்களின் கண்ணால் காட்டுகிறது. ஒரு வரலாற்றாசிரியை, குவென்டலின் மிட்லோ ஹோல், லூசியானாவின் பழைய ஆவணங்களிலிருந்து ஆண்டுக்கணக்காகப் பொறுக்கித் திரட்டிய 1 இலட்சத்து 7 ஆயிரம் அடிமைகளின் பெயர்களைச் சுவர் சுவராகப் பொறித்திருக்கிறார்கள். தபாலதிபராக இருந்த உங்களுக்கு ஒரு பெயரின் பெறுமதி விளங்கும்.

அதே ஆற்றங்கரையில் ஓக் அலி என்ற மாளிகை, இரு பக்கமுமாக மொத்தம் 28 ஓக் மரங்கள் நிற்கும் நடைபாதையோடு. எல்லோரும் அந்த மரங்களைப் படம் எடுப்பார்கள். அங்கே அந்துவான் என்ற அடிமைத் தோட்டக்காரர் ஒருவர் 1840களில் பீக்கன் மரத்துக்கு ஒட்டுக் கட்டி நல்ல இனம் ஒன்றை உண்டாக்கினார், இன்றைக்குக் கோடிக்கணக்கில் வியாபாரம் நடக்கும் பயிருக்கு அதுவே தொடக்கம். குடும்பப் பெயர்கூடப் பதிவில் இல்லாத மனிதர் அவர். அவரைப் பற்றிச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இன்னொரு பெரிய மாளிகையான நொட்டோவே, 1859இல் கட்டியது, 64 அறைகள், அது 2025 மே 15 அன்று எரிந்துபோனது. பழைய பட்டியல்களில் அதன் பெயர் இன்னும் இருக்கும், தேடி அலைய வேண்டாம். கோடை வெயிலும் நுளம்பும் அங்கே கடுமை, மகளிடம் மார்ச் மாதப் பக்கம் ஒழுங்கு செய்யச் சொல்லுங்கள்.

கேள்வி: கரவெட்டியில் எங்கள் அப்பப்பா கட்டிய கல்வீடு, நாங்கள் எல்லோரும் வெளிக்கிட்டபின் பூட்டிக் கிடக்கிறது. இரவில் வெளிச்சம் தெரிகிறது, கூரையில் நடமாட்டம் கேட்கிறது, அது பேய் வீடு என்று ஊரில் பெயர் வந்துவிட்டது. ஒரு தரகர் அரைவிலைக்குக் கேட்கிறார். பக்கத்து வளவில் இருக்கும் பெரியம்மாவுக்கு 82 வயது, அவவும் விற்றுவிடு என்கிறா. என்ன செய்வது?
– வாசகர், பிரம்ரன், கனடா

பதில்: தம்பி, கையெழுத்துப் போடாதேயுங்கள். பேய் வீடு என்ற பெயர் யாருக்கு இலாபம் என்று முதலில் பாருங்கள், அரைவிலைக்குக் கேட்கிறவரின் வாயிலிருந்து அந்தக் கதை வருகிறதா என்று விசாரியுங்கள். நாட்டு நடப்பு உங்களுக்குத் தெரியும். போரில் வெறுமையான வீடுகள், 1995 ஒக்ரோபர் 30 அன்று ஒரே இரவில் சனம் விட்டுப்போன வீடுகள், பிறகு வெளிநாடு போனவர்களின் வீடுகள் என்று எங்கள் ஊர்களில் பாழ்வளவுகள் நிறையவே உண்டு, அவற்றில் பாதிக்குப் பேய் குடியிருப்பதாகக் கதை இருக்கிறது.

கூரையில் நடப்பது பெரும்பாலும் மரநாய். வௌவால் ஒரு பக்கம், சாக்குருவி ஒரு பக்கம். பகல் வெயிலில் காய்ந்த பனஞ்சிலாகை இரவில் குளிரும்போது முறிவது போலச் சத்தம் போடும். வெளிச்சத்தை மட்டும் இலேசாக எடுக்க வேண்டாம், அது மனுசர். குடிக்க வந்திருப்பார்கள், அல்லது நிலைகளையும் தீராந்தியையும் ஓட்டையும் கழற்ற வந்திருப்பார்கள். நம்பிக்கையான ஒருவரை விட்டுப் பகலில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், என்னென்ன குறைகிறது என்று அதில் தெரிந்துவிடும்.

உறுதி யாரிடம் இருக்கிறது? காணிப் பதிவகத்தில் ஏடு பார்த்து, அப்பப்பாவின் பெயரில் நிற்கிறதா, பிள்ளைகளுக்குப் பிரிந்திருக்கிறதா என்று ஒரு நொத்தாரிசைக் கொண்டு உறுதிப்படுத்துங்கள். சோலைவரி கட்டிய பற்றுச்சீட்டுகளைச் சேர்த்து வையுங்கள். வேறொருவர் பத்து வருடம் தடையில்லாமல் ஆண்டுவிட்டால் உரிமை கோரச் சட்டத்தில் இடமுண்டு, ஆகவே வளவைத் துப்புரவாக்கி வேலி அடைத்து, யாராவது இருந்தாலும் வாடகைக்கோ பராமரிப்புக்கோ என்று எழுத்தில் கொடுத்துத்தான் இருக்க விட வேண்டும். நீங்கள் வரமுடியாவிட்டால் அற்றோணித் தத்துவம் கொடுக்கலாம், தரகருக்கு வேண்டியவருக்கு மட்டும் கொடுக்காதேயுங்கள். ஓடு மாற்றும் வேலையை மாரிக்கு முன் முடியுங்கள், கல்வீடு தாங்கும், ஒழுகினால் மரம் தாங்காது.

பெரியம்மாவைக் குறை நினைக்காதேயுங்கள், இருட்டிய வளவுக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறா, அவவுக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். முன் வாசலில் ஒரு மின்குமிழ் போட்டுக் கொடுங்கள். அத்தோடு போனில் ஆறுதலாகக் கதைத்து, அந்த வீட்டைக் கட்டிய மேசன் யார், தச்சர் யார், கிணறு வெட்டியவர்கள் எந்த ஊர், யார் யார் அங்கே வேலைக்கு வந்து போனார்கள், அவர்களுடைய பிள்ளைகள் இப்போது எங்கே என்று கேட்டுப் பதிவு செய்யுங்கள். இந்த மாதமே செய்யுங்கள். கிடைத்த பெயர்களை எனக்கும் எழுதினால் அவர்களுடைய குடும்பத்தாரிடம் சம்மதம் கேட்டு இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.